பழைய வீடு: பழுது பார்ப்பதா, விற்பதா?



தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று நம் பங்குகளில் முதியோரை வாழ்த்தி மகிழ்கிறோம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் பல முதியோரின் மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. வீடு ஒழுகுகிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கடன் வாங்கிச் சரிசெய்து விற்பதா, இருக்கிற நிலையிலேயே விற்பதா, அல்லது விற்காமலே இருப்பதா?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் மனைக்கு மதிப்பு கூடியது. இங்கே பழைய ஓட்டு வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் பார்ப்பது மனையின் அளவையும் சாலை வசதியையும்தான். வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறவருக்காக நாம் வண்ணம் பூசி, டைல்ஸ் பதித்தால் அந்தச் செலவு திரும்பி வராது.

யாருக்காகப் பழுது பார்க்கிறோம்?

வீட்டுச் சுவரில் பூசணம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று லேவியர் நூல் விரிவாகக் கூறுகிறது (லேவி 14:33-45). உரிமையாளர் குருவிடம் அறிவிக்க வேண்டும். வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன கற்களை மாற்றிப் புதிதாகப் பூச வேண்டும். அதன் பிறகும் பரவினால் இடித்துவிட வேண்டும். அவசரப்பட்டு இடிக்கவும் இல்லை. மூடி மறைக்கவும் இல்லை. முதலில் உண்மை நிலையை அறிவது, பிறகு முடிவெடுப்பது. இந்த ஒழுங்கு நமக்கும் பொருந்தும்.

எனவே பழுதுகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். கூரையிலிருந்து காரை விழுவது, பழுதான மின்கம்பி, வழுக்கும் குளியலறை ஆகியவை உயிரைப் பாதிப்பவை. "விற்கத்தானே போகிறோம்" என்று இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. விற்பனை முடிய மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அதே கூரையின் கீழ்தான் பெற்றோர் படுத்து உறங்குகிறார்கள்.

அழகுக்கான பழுதுகள் வேறு. அவற்றில் கைவைக்கும் முன் இரண்டு மூன்று பேரிடம் வீடு இருக்கிற நிலைக்கு என்ன விலை என்று கேட்டுவிடுவது நல்லது. வங்கிக் கடனில் வாங்கிக் குடியேற நினைக்கும் குடும்பம் என்றால், வங்கி மதிப்பீட்டாளர் கட்டடத்தையும் பார்ப்பார். அப்போது ஒழுகலை நிறுத்தும் சிறு வேலை பயன் தரும். நகையை அடகு வைத்துப் பெரிய வேலை தொடங்குவது வேண்டாம்.

வாடகைக்கு விடலாம் என்று கடனில் அறைகள் கட்டுவோரும் சிந்திக்க வேண்டும். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. ஆலைகளையும் விடுதிகளையும் பொறுத்தே வாடகை வருமானம் கூடும், குறையும். கடன் தவணையோ மாறாது.

ஒளிவுமறைவு இல்லாத விற்பனை

பழுதுள்ள வீட்டை விற்பது பாவமல்ல; பழுதை மறைத்து விற்பதே தவறு. விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவரையொருவர் ஏமாற்றக் கூடாது என்பது இறைவனின் கட்டளை (லேவி 25:14). வாங்குபவர் எளிதில் கண்டறிய முடியாத குறையை விற்பவர் அறிந்திருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் கூறுகிறது. அதேபோல், முதியோரின் அவசரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் ஏமாற்றுதான். முன்பணமாக ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

உரிமையையும் பார்க்க வேண்டும். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். திருமணமாகிப் போன மகளை ஒதுக்கிவிட்டு விற்பது சட்டத்துக்கும் அன்புக்கும் எதிரானது. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்கச் செய்யும் செலவுதான் விற்பனைக்கு முன் முதலில் செய்ய வேண்டிய செலவு.

விற்ற பிறகு எங்கே?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். வீட்டை விற்ற பணத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டு, பெற்றோரை மாதத்துக்கு ஒரு வீடாக மாற்றி மாற்றி அனுப்புவதைக் காண்கிறோம். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களையே இயேசு கடிந்துகொண்டார் (மாற் 7:9-13). நமக்கென்று வைத்துக்கொண்டு கைவிட்டால் என்ன சொல்வார்? எனவே தங்கும் இடம் உறுதியான பிறகே கையெழுத்திட வேண்டும். பணம் பெற்றோர் பெயரிலேயே வங்கியில் இருக்க வேண்டும். விற்காமல் பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதானால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தை அணுகி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி உண்டு.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாய்க்கு ஓர் இடத்தை உறுதிசெய்தார். அந்தச் சீடர் அன்னை மரியாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் (யோவா 19:26-27). வீட்டை விற்கலாம், இடிக்கலாம், பழுது பார்க்கலாம். நம் பெற்றோர் "இது என் வீடு" என்று சொல்லிக் கண்ணயர ஓர் இடம் மட்டும் குறையாதிருக்க நாம் பொறுப்பேற்போம். அதற்கான ஞானத்தையும் நேர்மையையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக!