கடன் அடைந்தது, வட்டி பாக்கி!

2012 செப்டம்பரில் சேப்பாக்கம் மைதானத்தில் யுவராஜ் சிங் மட்டையோடு இறங்கியபோது கண் கலங்காதவர் உண்டா? புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டு அதே வருஷம் திரும்பி வந்த ஆள்! கைதட்டினோம், டி.வி.யை அணைத்தோம், தூங்கப் போய்விட்டோம். நமக்கு ரிப்போர்ட் நார்மல் என்றால் 'சுபம்'.

சுபத்துக்குப் பிறகு நடப்பதை சேரப்பணஞ்சேரி டீக்கடையில் ஒரு நண்பர் சொன்னார். ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். சிகிச்சை முடிந்து எட்டு மாதம். முடி முளைத்து, எடையும் கூடிவிட்டது.

"ஆனா சார், ரேக் வரைக்கும் போறேன், எதுக்கு வந்தேன்னு தெரியல. தினம் சொல்ற பார்ட் பேரு நாக்கு நுனியிலயே நிக்குது. போன்ல பேசிக்கிட்டே பில் போட்டா ரெண்டும் கோவிந்தா! சூப்பர்வைசர், 'இன்னும் எத்தனை நாளைக்குய்யா கேன்சர் கதை சொல்வே?'ங்கிறார்."

கதை இல்லை சாமி. இதற்குப் பெயரே இருக்கிறது: 'கீமோ பிரெய்ன்'. மறதி, வார்த்தை சிக்காமை, ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாமை. கீமோ மட்டும் குற்றவாளி இல்லை. ஹார்மோன் சிகிச்சை, ரத்தசோகை, தூக்கக் கேடு, மனக்கவலை எல்லாம் கூட்டுக் களவாணிகள். பலருக்குச் சில மாதங்களில் தெளிந்துவிடும்; சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். பி.காம். பாஷையில் சொன்னால், அசல் அடைந்துவிட்டது, வட்டி பாக்கி.

இந்த ஊருக்கு மேற்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. கிழக்கே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் உருவான அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். இரண்டு பக்கமும் உயிரை மீட்டு அனுப்புகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் வேலை பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் நம் ஆபீஸிலும் ஃபாக்டரியிலும்தான்.

இதற்கென்று கைகண்ட மாத்திரை இல்லை. தினமும் நடை, நல்ல தூக்கம், சட்டைப் பையில் சின்ன நோட்டு, ஒரு நேரத்தில் ஒரே வேலை. இவை உதவுகின்றன. டாக்டரிடமும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ரத்தசோகை, தைராய்டு மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் பிடிபடும்.

மீதி நம் கையில். தொழிற்சாலைக்காரர்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. 'போகா-யோகே' என்று ஜப்பான்காரர் ஷிகியோ ஷிங்கோ 1960-களில் பரப்பிய முறை தெரியுமல்லவா? மனுஷன் மறப்பான், மறந்தாலும் பாகத்தைத் தப்பாக மாட்ட முடியாதபடி வேலையை அமைத்துவிடு. முதலில் அதற்கு 'பாகா-யோகே', அதாவது முட்டாள் காப்பு என்றுதான் பெயர். 'நான் என்ன முட்டாளா?' என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட, ஷிங்கோ பெயரையே மாற்றினார்.

நட்டு போல்ட்டுக்குக் காட்டும் கரிசனத்தைப் பக்கத்து சீட்காரருக்கும் காட்டலாமே! வாயால் சொன்னதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கொஞ்ச நாள் நைட் ஷிஃப்ட் வேண்டாம். அவர் பில் போடும்போது "மாப்ளே, மேட்ச் பார்த்தியா?" என்று குறுக்கே பாயாதீர்கள்.

ஆகும் செலவு: ஒரு பேனா, கொஞ்சம் பொறுமை. புது ஆளைப் பிடித்துப் பழக்குவதைவிட இது ரொம்ப மலிவு. கணக்குப் படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்!