ஆற்று வழியே சரக்கு அனுப்ப முடியுமா?



லோரிக் கூலி ஏறும்போதெல்லாம், "பக்கத்திலேயே ஆறு ஓடுகிறதே, படகில் அனுப்பினால் என்ன?" என்று தோட்டத்தில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தரையில் இழுப்பதைவிட நீரில் மிதக்கவிட்டு இழுப்பது எளிது, எரிபொருளும் குறைவு.

நெகிரி செம்பிலான் இதை முன்பே கண்டிருக்கிறது. ஜெம்போல் வட்டாரத்தில், மூவார் ஆற்றைச் சேரும் ஜெம்போல் ஆறும், பகாங் ஆற்றோடு கலக்கும் செர்த்திங் ஆறும் மிக அருகே ஓடுகின்றன. அக்கால வணிகர்கள் இடையிலுள்ள நிலத்தில் படகை இழுத்துக்கொண்டு போய், மலாக்கா நீரிணையிலிருந்து தென்சீனக் கடலை அடைந்தார்கள். 'பெனாரிக்கான்' என்ற பெயரே இழுத்துச் செல்லும் பாதையைத்தான் குறிக்கிறது.

சிரம்பான் பகுதிக்கு அந்நாளில் சுங்கை ஊஜோங் என்று பெயர். அங்குத் தோண்டிய ஈயம் லிங்கி ஆற்று வழியே கடலுக்குச் சென்றது. ஆற்றோரத் தலைவர்கள் வரி கேட்டார்கள். அதனால் சண்டைகள் மூண்டன. சுரங்க மண்ணும் ஆற்றில் சேர்ந்து அதை மேடாக்கியது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது.

இன்று முடியுமா என்று அறிய நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, ஆழம். மழைக்கால வெள்ளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வறண்ட மாதத்து ஆழமே கணக்கு.

இரண்டு, பாலம். படகு அதனடியில் நுழைய வேண்டும்.

மூன்று, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ஆற்றுத்துறை வரை லோரி, பிறகு படகு, மறுபடியும் லோரி என்றால், குறுகிய தூரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதிலேயே கரைந்துவிடும்.

நான்கு, சரக்கு. மணலும் மரமும் காத்திருக்கும். செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடும்.

சரவாக்கின் ராஜாங் ஆறு அகலமும் ஆழமும் உடையது. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் சிபு நகர் வரை கப்பல் வருகிறது. நம் ஆறுகள் சிறியவை. சாலையோ வாசல் வரை வந்துவிட்டது. ஆகவே இங்கே லோரிக்குப் பதில் படகு என்பது கட்டுப்படியாகாது.

அதற்காக ஆறு பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். லிங்கி ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. அன்று படகுக்குத் தடையான அதே மண், இன்று குடிநீரைக் கலக்குகிறது; வெள்ளத்தை நம் வீட்டு வாசலுக்கும் கொண்டுவருகிறது. கரையோரச் செடிகொடிகளை அழிக்காமலும் குப்பையை ஆற்றில் கொட்டாமலும் இருப்பது நம் கையில் இருக்கிறது.