நான்கு வழிகளும் நம் இளைஞரும்

பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டு தொழிற்கட்சி அரசு ‘நியூ டீல்’ திட்டத்தை ஆரம்பித்தது. ஆறு மாதங்கள் வேலையின்றி உதவிப்பணம் பெற்ற 18 முதல் 24 வயதுவரையான இளைஞர்களுக்கு நான்கு வழிகள் காட்டப்பட்டன: மானியத்துடன் வேலை, முழுநேரக் கல்வி, தொண்டுப்பணி, சுற்றாடற் பணி. வேலை வழங்கிய முதலாளிக்கு 26 வாரங்களுக்கு வாரம் 60 பவுண்வரை கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே முழு உதவிப்பணம் பெறும் ஐந்தாவது வழி கிடையாதென அரசு கண்டிப்புடன் கூறியது.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காத நம் இளைஞருக்கோ இந்நான்கும் அடைபட்டே இருந்தன. ஆறு மாதங்களின் பின் வேலை அனுமதி கோரலாமென்றிருந்த சலுகையும் 2002 இல் நீக்கப்பட்டது. ஒருவனை வேலைக்குப் போவென அதட்டிய அதே அரசு, மற்றவனைப் போகாதேயெனத் தடுத்தது! 2005 இல் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும், 2010 இல் தொழிற்பட்டியலும் விதியாயின. இருபதாவது வயதில் வந்திறங்கி ஐந்தாண்டுகள் காத்திருந்தவர், அகதி அந்தஸ்து கிடைத்த அன்று இளையோர் திட்டத்தின் வயதெல்லையைக் கடந்திருந்தார்.