அம்மாவுக்கு அப்புறம்?

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். தன் பாடு வரும் நாளில் வலை இறக்காதவனுக்கு அன்றைய வருமானம் போச்சு. எளாவூருக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பங்களில் மனநோய் கண்ட பிள்ளை இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் பிழைப்பை விட்டுவிட்டுக் காவல் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது அம்மாதான். மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில் அவள் வயது கழிகிறது.

"எனக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?" இப்படிப்பட்ட வீடுகளில் எல்லாம் இருக்கிற கேள்வி இது.

பதில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கல்மனம் படைத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது, போக்கிடம் தெரியாதவர்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, குடும்பம் கைவிட்டது என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காப்பீட்டிலும் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. ஆனால் காப்பீடு என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. குணமாகி வெளியே வந்தவர் தங்கும் வீட்டின் வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது? கவலை இங்கேதான்.

வழி இல்லாமல் இல்லை. 1993இல் சென்னையில் தொடங்கிய 'பேனியன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்துகிறது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, நான்கைந்து பேர், கூடவே ஓர் உதவியாளர். பால் வாங்குவதும் சமைப்பதும் அவர்களே. பல ஆண்டுகள் காப்பகத்தில் மணியடித்தால் தட்டேந்தி நின்றவர்கள், இன்று கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று பேசி முடிவு செய்கிறார்கள். கேரளம், அசாம் வரை இந்த முறை போயிருக்கிறது.

குடும்பத்தின் பொறுப்பை அரசு ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இருபது வருடம் சுமந்த தாயிடம் போய் அதைக் கேட்க முடியுமா?

எளாவூர்ப் பக்கம் இப்படி ஒரு வீட்டுக்குத் தேவை வாடகை, மளிகை, உதவியாளரின் சம்பளம், மாதம் தவறாத மாத்திரை. அது ஏரிக்கரையிலேயே இருந்தால், பாடு இல்லாத நாளில் தம்பி மீன் குழம்போடு வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவான்.