மாறுவது உடலா, கிருமியா?

உலகச் சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் நடத்தி 2015 நவம்பரில் வெளியிட்ட கருத்தாய்வில், ஆன்டிபயாடிக் பலிக்காமல் போவதற்குக் காரணம் நோயாளியின் உடல் அம்மருந்துக்குப் பழகிவிடுவதே என்று 76 விழுக்காட்டினர் நம்புவது தெரியவந்தது. உண்மையில் மாறுவது உடலன்று, பாக்டீரியா. இந்தத் தவறான எண்ணத்தைக் களையப் பாடநூல் பத்தியைவிட ஒரு பிடி சட்டைப் பொத்தான்கள் கூடுதலாக உதவும்.

மலேசியாவின் சுபாங் ஜெயாவில், மருத்துவரைப் பார்த்த கையோடு அதே கிளினிக்கில் மருந்தையும் வாங்கிக்கொள்வது வழக்கம். மருத்துவர் பரிந்துரையின்றி ஆன்டிபயாடிக் விற்பதைச் சட்டம் தடுத்தாலும், வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அடுத்த சளிக்கு எடுத்து விழுங்குவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. சளிக்குக் காரணமான வைரஸை அம்மாத்திரை ஒன்றும் செய்வதில்லை என்பது வேறு.

சட்டைப் பொத்தான்களைக் கொண்டு ஆடும் வகுப்பறை விளையாட்டில் பச்சைப் பொத்தான்கள் மருந்துக்கு எளிதில் மடியும் பாக்டீரியாவையும், ஓரிரு சிவப்புப் பொத்தான்கள் தாக்குப்பிடிப்பவற்றையும் குறிக்கும். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் பச்சையில் பெரும்பாலானவற்றை அகற்றி, எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இன்னொன்றைச் சேர்த்துவந்தால், சில சுற்றுகளில் மேசை சிவந்துவிடும். எந்தப் பொத்தானும் நிறம் மாறவில்லை, முன்பே இருந்த சிவப்புதான் பெருகியது என்பதை மாணவரே கண்டுகொள்வர். இயற்கைத் தேர்வு எனப்படுவது இதுவே.

எனினும் இவ்விளையாட்டுக்கு ஒரு குறையுண்டு. மருந்தைப் பாதியில் நிறுத்துவது ஒன்றே குற்றம் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடலாம். தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு வேளை மருந்தும், நோய்க்குத் தொடர்பில்லாத குடல் பாக்டீரியாவிடையேகூட எதிர்ப்புத்திறன் கொண்டவற்றையே மிஞ்சவிடுகிறது என்பதை ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டத்துக்குக் காகிதக் கிளிப்புகள் போதும். சிவப்புப் பொத்தானில் மாட்டிய கிளிப்பைப் போன்ற இன்னொன்றை வேறு இனத்தைக் குறிக்கும் மஞ்சள் பொத்தானில் மாட்டினால், அதுவும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். பாக்டீரியா படியெடுத்துத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையத்தின் வேலை இதுதான். கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு இவ்வாறு பரவக்கூடியது என்பது 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டது. 2019 தொடக்கத்திலிருந்து கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை மலேசியா தடைசெய்துள்ளது.