பூட்டிய பீரோவும் திறந்த திரையும்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

கணிதம் பயிலும் நமக்குப் பெருமை தரத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் நூலகராவதற்கு முன் கணித ஆசிரியராக இருந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். நியூட்டனின் விதிகளைப் போலவே சிறிய ஐந்து விதிகளை நூலக இயலுக்கு வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல் இருப்பது காவல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் சாரம். வாசகர் எவராயினும் அவருக்கேற்ற நூல் ஒன்று உண்டு என்பதும், நூல் எதுவாயினும் அதற்கேற்ற வாசகர் ஒருவர் உண்டு என்பதும் அடுத்த இரண்டின் சாரம். நான் படித்த பள்ளியில் முதல் விதியே நிறைவேறவில்லை. இணையத்தின் துணைகொண்டு அதனை நிறைவேற்ற இயலுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் பள்ளியில் நூலகம் இல்லாமலில்லை. தலைமையாசிரியர் அறையில் பச்சை நிற இரும்புப் பீரோ ஒன்று இருந்தது, அதுதான் நூலகம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அது திறந்திருந்து நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அதிகாரி ஆய்வுக்கு வந்த நாட்கள்! ஆசிரியர்கள் மீது அன்று எனக்குக் கோபம் உண்டு. பிற்பாடு ஓர் ஆசிரியர் காரணத்தைச் சொன்னார். புத்தகம் என்பது இருப்புப் பதிவேட்டில் ஏறிய அரசுச் சொத்து. ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவரே ஒருமுறை கைப்பணம் கட்டியிருக்கிறார். உள்ளேயே கிடந்து கரையான் அரித்தாலோ எவரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, பூட்டுவதுதானே புத்திசாலித்தனம்?

என் தந்தை நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். நாட்காட்டியும் என் பாடநூல்களும் தவிர வீட்டில் வேறு அச்சுத்தாள் கிடையாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கடன் வாங்கி ஒரு கைப்பேசி வாங்கித் தந்தார். அந்தக் கைப்பேசியில்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைப் படித்தேன். அதனை இணையத்தில் வைத்திருந்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வெளியிட்டு வருகின்றனர். முதல் பாகம் முடிந்ததும் கண் எரிச்சல் தாங்கவில்லை. கதையை விடவும் மனமில்லை. நூலகங்கள் மறுபடி திறந்ததும் மூன்று கிலோமீட்டர் நடந்து கிளை நூலகத்திற்குச் சென்று இரண்டாம் பாகத்தைக் கேட்டு வாங்கினேன். கைப்பேசி வந்தால் புத்தகம் போய்விடும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. என்னைப் புத்தகத்திடம் அனுப்பியதே கைப்பேசிதான்.

ஆனால் கைப்பேசியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஏழு நாட்கள் தங்கினோம். முதல் நாள் நானும் என் தோழியரும் எங்கள் கைப்பேசிகளில் கதைகளைத் திறந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பத்தே நிமிடம்! கதை போய், திரைப்பாட்டுக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? ஓயாமல் பார்க்க வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. படக்கதையால் அவற்றோடு போட்டி போட முடியுமா?

இரண்டாம் நாள் முறையை மாற்றினோம். பீரோவிலிருந்து ஒரே ஒரு நூலைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கினோம். அதன் அட்டையையும் முதல் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, பள்ளியிலிருந்த தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்டி, தோழி ஒருத்தி உரக்கப் படித்தாள். சிறுவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும் திரையை அணைத்துவிட்டாள். “அக்கா, அப்புறம் என்ன ஆச்சு?” என்று வகுப்பே கத்தியது. அப்புறம் என்ன ஆயிற்று என்பது மேசைமேல் இருந்த புத்தகத்தில் இருந்தது. ரங்கநாதனின் மூன்றாம் விதி செயற்படுவதை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஒரு நூலுக்கு ஒரே காலையில் 34 வாசகர்கள்!

ஒரு நூலை 34 பேர் எப்படிப் படிப்பது? இங்கேதான் இணையம் மெய்யாகவே கை கொடுக்கிறது. பிரதம் புக்ஸ் என்னும் குழந்தை நூல் பதிப்பகம் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் அதில் உள்ளன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ஒன்று, தங்குதடையின்றிப் படிப்பவனுக்கு ஒன்று என நான்கு படிநிலைகளாக அவை வகுக்கப்பட்டுள்ளன. ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டே இரண்டாம் படிநிலையில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்த வகைப்பாடு பெரிய உதவி. எல்லாவற்றிலும் மேலாக, ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் அச்சிட்டுக் கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம் என்ற திறந்த உரிமம் இக்கதைகளுக்கு உண்டு. நாங்கள் கதைகளைத் தரவிறக்கி, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் மடித்துப் பின் அடித்து, 31 சிறு புத்தகங்கள் செய்தோம். இவை இருப்புப் பதிவேட்டில் ஏறாதவை. கிழிந்தால் மறுபடி அச்சிடலாம். தொலைந்தால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகத் துணிந்து கொடுத்தோம்.

பெரிய வகுப்புகளுக்கு வேறு ஊற்றுகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியமும், குழந்தைகளுக்கென்று தனியே பத்துத் தொகுதிகளில் வந்த கலைக்களஞ்சியமும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய அத்தொகுதிகளை ஒரு கிராமப் பள்ளி விலைக்கு வாங்குவது நடக்கிற காரியமா? செய்திகள் பழையவைதாம். புளூட்டோ கோள் என்ற தகுதியை இழந்தது 2006-இல். அதற்கு முன் அச்சான நூல்களில் அது ஒன்பதாவது கோளாகத்தான் இருக்கும். அதனால் என்ன? பழைய நூலையும் இன்றைய பாடநூலையும் அருகருகே வைத்து, எது மாறியிருக்கிறது என்று தேடச் சொன்னால் அதுவே நல்ல அறிவியல் வகுப்பாகும். இலங்கைத் தமிழ் எழுத்துகளைத் தேடுவோர்க்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் உண்டு.

நம்மில் பலர் பி.எட். முடித்து ஆசிரியராகச் செல்ல இருப்பவர்கள். ஆகையால் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கைப்பேசிக் குழுக்களில் இன்றைய எழுத்தாளர்களின் நூல்கள் முழுதாகச் சுற்றி வருகின்றன. அவை திருட்டுப் பிரதிகள். நம் நாட்டில் ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் படைப்புகள் அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றை அச்சமின்றி எடுத்தாளலாம். எழுதுபவர் வயிற்றில் அடித்துவிட்டு வாசிப்பை வளர்ப்பது எவ்வகை நியாயம்?

இணையத் தொடர்பு சரியாக இல்லாத பள்ளி என்ன செய்யும் என்று கேட்கலாம். தொடர்பு கிடைக்கும் இடத்தில் ஒருநாள் அமர்ந்து, வேண்டியவற்றைத் தரவிறக்கி ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தால் ஒரு பருவத்துக்குப் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முகாமின் கடைசி நாள் கணக்கெடுத்தோம். 31-இல் 26 திரும்பி வந்தன. இரண்டு மழையில் நனைந்து ஊறிப்போயிருந்தன. மூன்றைக் காணவில்லை. அவற்றில் ஒன்றைத் தன் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டுத் தருவதாக ஒரு சிறுமி சொன்னாள். தலைமையாசிரியை அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவுதான் போகுமா?” என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தார். பீரோ முழுவதையும் அவர் திறந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு தட்டு நூல்களை மட்டும் எடுத்து, வராந்தாவில் ஒரு பெஞ்சின்மேல் அடுக்கினார். ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, வழங்கு பதிவேடு என்று தலைப்பெழுதினார்.

தைப் பொங்கல் விடுமுறையில் அவ்வழியாகப் போனபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆறாம் பக்கம் நடந்துகொண்டிருந்தது.