வலியை ஏவும் கதிர்

மைக்ரோவேவ் கதிருக்கு எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இல்லை. உடலில் அது உண்டாக்கும் ஐயத்துக்கிடமற்ற விளைவு வெப்பம். இரத்த ஓட்டம் வழியே வெப்பத்தை வெளியேற்ற முடியாத கண்வில்லை அதனால் எளிதில் பாதிக்கப்படும். சமையலறை அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை திசுவுக்குள் சில சென்டிமீட்டர் ஊடுருவும். கூட்டத்தைக் கலைக்க அமெரிக்க ராணுவம் உருவாக்கிய கருவியோ 95 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் கதிர் தோலில் அரை மில்லிமீட்டர் ஆழத்தைக்கூடத் தாண்டாது. ஆனால் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பது அங்கேதான். சில நொடிகளில் தாங்க முடியாத எரிச்சல் எழும், விலகினால் அடங்கும்.

துப்பாக்கிக் குண்டைவிட இது மேல் என்பார்கள் ஆதரிப்போர். ஆயிரக்கணக்கான சோதனைகளில் காயங்கள் மிக அரிது என்பதும் உண்மையே. எனினும், 2007இல் ஒரு சோதனையில் வீரர் ஒருவருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது. கதிரின் வலிமையும் நேரமும் கூடினால் வலி காயமாகிவிடும். சோதனைக் களத்தில் தன்னார்வலர் விலகி ஓடலாம். நெரிசலில் சிக்கிய முதியவரும் நடக்க இயலாதவரும் எங்கே ஓடுவார்கள்? மேலும், குண்டு தடயம் விடும். வலி பெரும்பாலும் விடாது. தடயமில்லாத ஆயுதத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தத் தோன்றும், துன்புறுத்தலுக்கும்கூட. 2010இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்ட கருவி பயன்படுத்தப்படாமலே திரும்பியது. அந்தத் தயக்கம் தளபதிகளின் விருப்பமாக மட்டும் இருந்தால் போதாது. கதிரின் அளவுக்கும் நேரத்துக்குமான வரம்பையும், பயன்படுத்திய ஒவ்வொரு முறைக்குமான பதிவையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.